நான் மாற்ற மறந்த ஒல்லிப் பின்

போன வருஷம் மழைக்காலத்தில், பெங்களூருவில் நடந்தது இது. எங்கள் வீடு தொம்மலூரில். என் கணவரிடம் ஒரு பழைய டிராக்டர் உண்டு. கோடையில் அது தண்ணீர் டேங்கர் இழுக்கும். மற்ற நாட்களில், வீடு கட்டப்போகிற மனைகளில் மண்ணைச் சமன்படுத்தும். கூடமாட ஒத்தாசைக்கு நானும் போவேன்.

மண் தள்ளும் பிளேடு மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிப் போட்டார். அது சின்ன டிராக்டருக்கானது. அதை டிராக்டரின் முதுகில் மேலே மாட்டும் இரும்புப் பின் ஒல்லி, எங்கள் டிராக்டரின் ஓட்டையோ பெரிசு. ஆகவே பின்மேல் இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, ஆடாமல் சரிக்கட்டியிருந்தார். பிளேடைக் கழற்றியதும் அந்த ஒல்லிப் பின்னை எடுத்துவிட்டு, டிராக்டரின் சொந்தத் தடிப் பின்னைத் திரும்பப் போட வேண்டும். அது என் பொறுப்பு.

அன்று வேலை முடிந்து, பிளேடை மனையிலேயே விட்டுக் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது.

"பின்ன மாத்திட்டியாம்மா?"

"எல்லாம் ஆச்சு, கெளம்புங்க" என்றேன். சத்தியமாக, மாற்றிவிட்டதாகத்தான் நினைப்பு.

வழியில் செங்கல் ஏற்றிய மினி லாரி ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டிருந்தது. "அண்ணா, சொல்ப... கொஞ்சம் இழுத்து விடுங்கண்ணா" என்று அதன் டிரைவர் கெஞ்சினார். எங்கள் ஆளுக்கு முடியாது என்று சொல்ல வராதே! சங்கிலியை டிராக்டரின் கீழ்க் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். அது சேற்றுத் தண்ணீரில் முழுகியிருந்ததால், மழை அவசரத்தில் எந்தப் பின் என்றுகூடப் பார்க்காமல், கைக்கு எட்டிய மேல் பின்னிலேயே மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். நான் ஓரமாக நின்றேன்.

டிராக்டர் உறுமியது. லாரி அசையவில்லை. டிராக்டரின் முன் சக்கரங்கள்தான் மெல்ல மேலே எழும்பின. என்ன நடக்கிறதென்றே எனக்குப் பிடிபடவில்லை. சக்கரம் என் தலைக்கு மேலே போய்விட்டது, அவர் சீட்டோடு மல்லாந்து கொண்டிருந்தார்.

படீரென்று ஒரு சத்தம். முன் சக்கரங்கள் சேற்றில் வந்து விழுந்தன. அந்த ஒல்லிப் பின் இரண்டு துண்டாகக் கிடந்தது.

அவர் இறங்கி வந்து துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "மாத்திட்டேன்னு சொன்னியே? ஒரு வேலையாவது உருப்படியா செய்யறியா நீ?" என்று அந்த டிரைவர் முன்னாலேயே திட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனோம். நடந்ததைக் கேட்டவர் உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேல மாட்டி இழுக்கவே கூடாதுங்க, முன்பக்கம் தூக்கிடும். தடிப் பின்னா இருந்திருந்தா உடைஞ்சே இருக்காது. வண்டி அப்படியே உங்க மேல கவுந்திருக்கும்" என்றார். கணவர் என்னைப் பார்த்தார்.

இப்போது சங்கிலி கீழ்க் கொக்கியைத் தவிர வேறெங்கும் ஏறுவதில்லை. பின் மாற்றியாயிற்றா என்று நானும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அவரோ சொந்தபந்தம் யார் வந்தாலும், "இவ மறதிதான் என்னைக் காப்பாத்துச்சு" என்று பெருமையாக ஆரம்பித்துவிடுகிறார். அவர் ஆரம்பித்ததும் நான் எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவேன். நான் மறந்தது தப்பா, நல்லதா என்று இன்றுவரை தெரியவில்லை. அன்று அவர் திட்டியதைத் தாங்கிக்கொண்ட என்னால், இந்தப் பாராட்டைத்தான் தாங்க முடியவில்லை.