சாம்பிராணி கலந்த மழை

நிவித்திகலவுக்கு மேலே, பஸ் போய்த் திரும்புகிற கடைசித் தேயிலைத் தோட்டத்தில் ஷாமிளாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் அவள் மழைக்காரி. கீழே கிராமத்துச் சிங்களச் சனங்களுக்கு வெஸ்ஸ நோனா. இரண்டும் ஒன்றுதான். பதினொரு வருடமாகத் தினமும் காலை எட்டு மணிக்கு ஸ்கூலுக்குப் பின்னால் இருக்கும் மொட்டை மேட்டில் ஏறி, முந்தின நாள் பெய்த மழையைப் போத்தலில் எடுத்துக்கொண்டு இறங்குகிறவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்?

மேட்டில் ஒரு இரும்புக் கம்பம், அதன் மேல் புனல், புனலுக்குக் கீழே போத்தல், மழை விழுந்ததும் தானே திறக்கிற ஒரு மூடி. அவ்வளவுதான் மெஷின். கையுறை போட்டுப் போத்தலை மாற்ற வேண்டும், அளந்து எழுத வேண்டும், புனலைக் கழுவ வேண்டும். திங்கட்கிழமை போத்தல்கள் ஐஸ் பெட்டியில் பஸ் ஏறி இரத்தினபுரிக்குப் போகும். அங்கே பொறுப்பாக இருக்கும் மஷூர் சேர் அவற்றைக் கொழும்புக்கு அனுப்புவார். ஒரு பங்கு கடல் தாண்டியும் போகும். காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது, வருடத்துக்கு வருடம் அது எப்படி மாறுகிறது என்று எட்டு நாடுகள் சேர்ந்து மழையைச் சோதித்துப் பார்க்கிற காரியம் இது. ஒரு நாட்டுப் புகை இன்னொரு நாட்டு மழையில் விழும், தனியாகப் பார்த்தால் பிடிபடாது, இருபது வருடமாவது விடாமல் பார்க்க வேண்டும் என்று மஷூர் சேர் முதல் நாளே விளக்கியிருந்தார்.

இந்த வேலை இல்லையென்றால் ஷாமிளாவின் பாடு திண்டாட்டம்தான். கொழுந்து எடுக்கப் போன காலத்தில் மழையில் வழுக்கி விழுந்து வலது முழங்கால் போயிற்று. கொழுந்துப் பையோடு சரிவில் நிற்க இனி அந்தக் காலால் ஆகாது. அவள் புருஷன் பிரதாப் தோட்டத்து லொறி ஓட்டுகிறான். ஒரு சம்பளத்தில் இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாது. மழை வேலை போனால் கொழும்பில் யார் வீட்டிலாவது சமையலுக்கு நிற்க வேண்டும், பிள்ளைகளை விட்டுவிட்டு.

அதனாலேயே அவள் அந்த வேலையைக் கண்ணில் வைத்துக் காத்தாள். அவளுடைய கொப்பியில் ஒரு கட்டம் உண்டு. மழைநீரில் கலக்கக்கூடிய அசுத்தம் ஏதும் அருகில் இருந்ததா என்று கேட்கிற கட்டம். மற்ற இடங்களில் அதைச் சும்மா விட்டுவிடுவார்களாம். இவள் விடமாட்டாள். காகம் எச்சமிட்டால் எழுதுவாள். கவ்வாத்து மலையில் வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சிகளை எரித்தால் எந்தப் பக்கம் புகை போனது என்று எழுதுவாள். தோட்டத்தை நடத்துகிற துரை ஒருநாள் மேட்டில் நின்று சிகரட் பிடித்தார். அதையும் நேரத்தோடு எழுதி வைத்தாள். துரையைப் பற்றியே எழுதுகிறாளே என்று கணக்குப்பிள்ளை புலம்பித் திரிந்தார்.

போன ஒக்டோபர் கடைசியில் மஷூர் சேர் வாயெல்லாம் பல்லாக வந்தார். பணம் போதாமல் நாட்டில் இரண்டு நிலையங்களை மூடுகிறார்களாம். இந்த மேடு மட்டும் தப்பிவிட்டதாம். காரணம், ஆறு வருடமாக இங்கே ஒக்டோபரில் ஒரே ஒரு போத்தலில் சாம்பல் உப்புகள் திடீரென்று ஏறுகின்றன. அதே நாளில் நேபாளத்தில் ஒரு மலையிலும் ஏறுகின்றன. வட இந்தியாவில் வயல் எரிக்கிற புகை ஒரே காற்றில் இரண்டு பக்கமும் பரவுகிறது என்று எட்டு நாட்டு விஞ்ஞானிகளும் முடிவுகட்டிக் கட்டுரை எழுதுகிறார்கள். மூன்று வாரத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மா நேரில் வருகிறார். புது மெஷின் வரும். ஷாமிளாவின் வேலையும் நிரந்தரமாகும்.

ஷாமிளாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆசையாக அவர் நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தாள். ஆறு வருடத்துக்கு ஆறு தேதிகள். ஒரு வருடம் இருபத்துநான்கு, அடுத்த வருடம் பன்னிரண்டு, இந்த வருடம் இரண்டு. காலையில் போத்தல் எடுத்த தேதிகள் அவை. உள்ளே இருப்பது முந்தின நாள் மழை என்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு நாளைக் கழித்துப் பார்த்தாள்.

வீட்டுக்கு ஓடினாள். பஜாரில் மீனாம்பாள் ஸ்டோர்ஸ் வருடாவருடம் கொடுக்கிற கலண்டர்களைப் பழையது கழற்றாமல் ஒரே ஆணியில் மாட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். ஆறும் ஆயுத பூசை.

ஆறு வருடத்துக்கு முன்னால் இடி விழுந்து மெஷினின் மூடி திறக்காமல் போயிற்று. மூன்று வாரம் வேலை நின்றது. இனி அவ்வளவுதான் என்று அவள் அழுதே விட்டாள். மெஷினைத் திருத்திக் கொண்டுவந்த அந்த ஒக்டோபரில், தேயிலை ஆலையான ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலருக்கும் பிரதாப்பின் லொறிக்கும் மாலை போட்டுப் பூசை நடந்தபோது, நமக்குச் சோறு போடுகிறது மட்டும் அநாதையாக நிற்கிறதே என்று தோன்றியது. குளித்துவிட்டுப் போய்ப் புனலின் வெளிப்பக்கம் திருநீறு பூசி, சந்தனம் வைத்து, சாம்பிராணியை மூன்று முறை சுற்றிக் காட்டினாள். பிறகு மெஷின் ஒருநாளும் நிற்கவில்லை. அவளும் ஒரு வருடமும் விடவில்லை. ஒக்டோபரில் பின்னேரம் மழை தவறாது. திருநீறும் சாம்பிராணிச் சாம்பலும் கழுவிக்கொண்டு நேரே போத்தலுக்குள் போயிருக்கின்றன. துரையின் சிகரட்டை எழுதியவள் இதை எழுதவில்லை. அசுத்தம் என்று அவளுக்குப் படவே இல்லை.

பிரதாப்பிடம் சொன்னாள். அவன் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு இரு என்றான். சாமி கும்பிட்டதையெல்லாம் யாராவது போய்ச் சொல்வார்களா, நேபாளத்திலும்தான் ஏறியிருக்கிறதே, அங்கேயும் நீயா போய்ச் சாம்பிராணி காட்டினாய் என்று கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நிம்மதியாக இருந்தாள். மூன்றாம் நாள் மறுபடி பயம் பிடித்தது. தேதி தள்ளித் தள்ளிப் போகிறது, பூசையோடு சேர்ந்தே போகிறது. வயல் எரிக்கிறவன் பஞ்சாங்கம் பார்த்தா எரிப்பான்?

வெளிநாட்டு அம்மா வரும்வரைக்கும் இதே யோசனைதான். சொன்னால் மேட்டை மூடிவிடுவார்கள். சொல்லாவிட்டால் தன் கையால் போட்ட சாம்பல் எட்டு நாட்டுக் கணக்கில் பொய்யாக உட்கார்ந்துவிடும். முகம் தெரியாத யாரோ வயல்காரர்கள் தலையில் பழி விழும். மூத்தவள் ஃபீஸ் கேட்டு வந்து நின்றால் சொல்ல வேண்டாம் என்று தோன்றும். காலையில் மேட்டில் ஏறி அந்தக் கட்டத்தில் “இல்லை” என்று எழுதும்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும்.

வெளிநாட்டு அம்மா வந்தார். நரைத்த தலை, காலில் பெரிய சப்பாத்து, அதன் மேல் இரண்டு அட்டைப் பூச்சி. அட்டையை நிதானமாக உதறிவிட்டுக் கொப்பிகளைக் கேட்டார். மஷூர் சேர் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, சிகரட் வரியில் அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். எட்டு நாட்டிலும் இப்படி ஒரு கொப்பி பார்த்ததில்லை என்றார். அந்தப் புகழ்ச்சி ஷாமிளாவுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டார். ஆறு வருடத்துக்கு முன்னால் இந்த மேட்டில் ஏதாவது மாறியதா?

“சேர், அந்தப் பொகை வடக்கேருந்து வரலீங்க,” என்றாள் ஷாமிளா. “நான்தான் காட்டினேன். ஆயுத பூசைக்குத் திருநீறு பூசி, சாம்பிராணி காட்டினேன். ஆறு வருசமா.”

மஷூர் சேர் அதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை. புனலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இத இப்ப சொல்லத்தான் வேணுமா தங்கச்சி?” என்று கேட்டார்.

“சொல்லிருங்க சேர்.”

அவர் சொன்னார். அந்த அம்மா ஈரக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, சிகரட்டையே எழுதியவர் இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். அசுத்தம் உண்டா என்றுதானே கேட்டிருந்தது, திருநீறு எப்படி அசுத்தமாகும் என்று ஷாமிளா திருப்பிக் கேட்டாள். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா ஆறு கலண்டர்களையும் கொண்டுவரச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் வேனில் ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம். பிரதாப் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஷாமிளாவுக்கு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. தன் கதையைக் கேட்டவர்கள் அந்த நேபாள மலையிலும் போய்த் துருவுவார்கள். அங்கே தன்னைப் போல மழை எடுக்கிற யாரோ ஒருவன், எத்தனை பிள்ளைகளோ.

மார்கழி பிறந்து ஒரு வாரத்தில் மஷூர் சேர் ஃபோன் எடுத்துச் சொன்னார். புது மெஷின் இல்லை. நிரந்தரமும் இப்போதைக்கு இல்லை. கட்டுரையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் மேட்டை மூடவில்லை. ஏறியது ஏன் என்று தெரிந்துவிட்டதால் மற்ற நாட்களின் மழையை இனி நம்பலாம், இந்தப் பதினொரு வருடத்தை வீணாக்கக்கூடாது என்று அந்த அம்மா பிடிவாதமாக நின்றாராம். எட்டு நாட்டுக் கொப்பியிலும் புதுக் கட்டம் ஒன்று வருகிறது. பூசை, தொழுகை, சடங்கு எதுவும் அருகில் நடந்ததா என்று.

ஷாமிளா சுவரில் சாய்ந்துகொண்டாள். கொஞ்சம் கழித்து, “அந்த நேபாளத்து ஆளு என்னங்க சேர் ஆனாரு?” என்று கேட்டாள்.

அங்கேயும் அதே நாளில் ஆயுதங்களுக்குப் பூசை உண்டாம் என்றார் மஷூர் சேர். ஆனால் அந்த மனிதர் இரண்டு வாரம் வாயே திறக்கவில்லையாம். கடைசியில் அவர் ஒரு கேள்விதான் கேட்டாராம். இலங்கையில் உண்மையைச் சொன்ன அந்தப் பொம்பிளைக்கு வேலை போய்விட்டதா என்று. போகவில்லை என்று தெரிந்த பிறகுதான், நானும்தான் என்று சொன்னாராம்.