மடிப்போடு போட்ட ஜமுக்காளம்

இசக்கியம்மாளுக்கு மிசின் என்றால் பயம். பயந்துகொண்டே அதோடுதான் பிழைக்கிறாள். கோவில்பட்டிக்கு வெளியே, கடம்பூர் ரோட்டில் இருக்கிறது ராஜமணி அண்ணாச்சியின் சலவை ஷெட். லாட்ஜ் விரிப்பு, ஆஸ்பத்திரிப் போர்வை, மண்டபத்து ஜமுக்காளம் எல்லாம் அங்கே வரும். இருப்பது ஆள் உயரத்துக்கு ஒரே ஒரு பெரிய மிசின். துணியைப் பிரித்துப் போடாவிட்டால், பிழிகிற வேகத்தில் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கி, டிரம் சாமி வந்த மாதிரி ஆடும்.

அதற்காகவே டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. ஆட்டம் மிஞ்சி டிரம் அதில் தட்டினால் கரண்ட் நின்றுவிடும். மோட்டார் திணறினால் பேனலில் இருக்கும் ரிலே டக்கென்று விழுந்து கரண்டை வெட்டும், மோட்டார் தப்பிக்கும். இதெல்லாம் இருந்தும் இசக்கியம்மாளுக்கு மனசு ஆறாது. மிசின் பிழிய ஆரம்பித்தால் அதை நிறுத்துகிற முன்பக்கத்துச் சிவப்புப் பட்டனை ஒட்டியே நிற்பாள், முடியும்வரை நகரமாட்டாள். கூட வேலை பார்க்கும் முத்துச்செல்வி இளவயசுக்காரி, சிரிக்காமல் இருப்பாளா?

"யக்கா, அது என்ன உங்க மாமியாளா? இப்படிப் பயப்படுதீங்க!"

"மாமியா கையாலதான் அடிப்பா. இது ஆளையே அரைச்சிரும்ட்டி."

சித்திரை வெயிலில் கரிசல் வெடித்தது. ஷெட்டின் தளமும் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. அதிலிருந்து எப்படித்தான் பிரித்துப் போட்டாலும் மிசின் பாதியில் நின்றது. அண்ணாச்சி கெட்டவர் இல்லை, அவசரக்காரர். சில நாளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தீப்பெட்டி ஆபீஸ் நிறைந்த எங்கள் ஊரில் எந்த ரிப்பேருக்கும் முதலில் கைக்கு வருவது தீக்குச்சிதான். ஆடுகிற பிளக்குக்கும் குச்சி, சாத்தாத ஜன்னலுக்கும் குச்சி. மருந்து முக்காத வெறுங்குச்சிகளை எடுத்து, அந்த சுவிட்ச் அசையாதபடி செருகிவிட்டார். மோட்டார் எவ்வளவு திணறினாலும் விழாதபடி ரிலேயின் திருகையும் கடைசிவரை கூட்டி வைத்தார்.

"அண்ணாச்சி, அது நிக்கது நம்ம நல்லதுக்குத்தானே? எனக்கு ஈரக்குலை நடுங்குது" என்றாள் இசக்கியம்மாள்.

"முகூர்த்த நேரத்துல மண்டபத்துக்காரன் வந்து நிப்பான். அவன்கிட்ட உன் ஈரக்குலையையா காட்ட முடியும்? நான் பாத்துக்கிடுதேன், போ."

அன்றைக்குத் துணி போட்டதும் அவர்தான். ஜமுக்காளங்களைப் பிரிக்கக்கூட இல்லை, மடிப்போடு உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி மிசினை ஓட விட்டார். வாசலில் வேன் வந்திருக்கிறது, மூட்டையை இறக்கு என்று இசக்கியம்மாளை அனுப்பிவிட்டு, போன் பேசிக்கொண்டே தானும் வெளியே போய்விட்டார். மிசினுக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்து முத்துச்செல்வி தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தாள். ஃபேன் காற்று அங்கேதான் வரும்.

மூட்டையைத் தோளில் வைத்தபோது இசக்கியம்மாளுக்குச் சத்தம் கேட்டது. மொத், மொத் என்று, கேட்கக் கேட்க வேகம் கூடியது. மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

மிசினைத் தளத்தோடு முடுக்கியிருந்த போல்ட்டுகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. மிசின் குதித்துக் குதித்துச் சுவரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கருகல் நாற்றம் மூக்கில் ஏறியது. சுவரோடு ஒட்டி நின்ற முத்துச்செல்வியின் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இசக்கியம்மாளுக்குத் திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு எப்படியோ போய், குதிக்கிற மிசினில் கையை நீட்டிப் பட்டனை அடித்தாள்.

கரண்ட் போயிற்று. ஆனால் டிரம் உடனே நிற்காதே! உள்ளே அத்தனை பாரம், தன் வேகத்திலேயே சுற்றியது. மிசின் இன்னும் ஒரு குதி குதித்தது. இன்னும் ஒன்று. இனி யார் என்ன செய்தாலும் அதை நிறுத்த முடியாது, பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். "ஏட்டி, மூச்ச உள்ள இழு, சுவரோட ஒட்டிக்கோ" என்று கத்தினாள். இவ்வளவு பயத்தை அவள் ஆயுசில் பார்த்ததில்லை. முத்துச்செல்வியின் வயிற்றுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண் இருந்தபோது மிசின் ஓய்ந்தது.

அண்ணாச்சி ஓடிவந்து முதலில் குனிந்து பார்த்தது மோட்டாரை. பிறகுதான் நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"முத்துச்செல்வி, மிசின் நின்னுட்டும்மா. பக்கவாட்டுல நகர்ந்து வெளிய வா."

அவள் அசையவில்லை.

"அதான் நின்னுட்டுங்கேன்லா. வா!"

"அக்கா சொல்லட்டும்" என்றாள் முத்துச்செல்வி.

இசக்கியம்மாள் மிசின் கதவைத் திறந்து, உள்ளே டிரம்மைத் தொட்டுப் பார்த்தாள். கையை எடுக்காமலே சொன்னாள்.

"நின்னுட்டுட்டி. வா."