செல்லதுரை கையெழுத்துப் போடாத கடிதம்

குத்தாலம் பக்கத்தில் ஒரு வாய்க்கால். இக்கரையில் செல்லதுரையின் தெரு, அக்கரையில் சுடுகாடு. மழைக்காலத்தில் யார் செத்தாலும் நெஞ்சளவுத் தண்ணீரில்தான் பாடை போகும். அங்கே பாலம் கட்ட டெண்டர் வந்தபோது, அந்தத் தெருவின் முதல் கான்ட்ராக்டரான செல்லதுரை விடுவானா? வரைபடம் போடுவது முதல் கட்டி முடிப்பது வரை எல்லாம் அவன் பொறுப்பு. ஆனிக்குள் முடித்தாக வேண்டும்.

மார்கழியில் வாய்க்காலை மறித்து மண் அணை போட்டு அஸ்திவாரம் தோண்டினான். பத்தாம் நாள் வீரையன் வந்து நின்றார். நிலக்காரர். அவர் வயலில்தான் செல்லதுரையின் அப்பா கூலிக்கு உழைத்தார்.

“சம்பா பால் புடிக்கிற நேரம். தண்ணி இல்லன்னா அத்தனையும் பதராப் போயிடும். அணைய வெட்டி விடுங்க தம்பி.”

அந்த வாயிலிருந்து ‘தம்பி’ என்று வந்ததும் செல்லதுரை இளகிப் போனான். பால வேலையை மேற்பார்க்கும் அரசு என்ஜினியர் ராஜராஜனுக்குப் போன் போட்டான்.

“வெட்டி விடுங்க செல்லதுரை. டயத்த நீட்டிக்கலாம், நான் இருக்கேன்ல?”

தண்ணீர் பாய்ந்தது. வேலை நாற்பது நாள் நின்றது. தாமதம் நேர்ந்தால் இருபத்தெட்டு நாளுக்குள் எழுத்தில் தெரிவித்தால்தான் கூடுதல் நாள் உண்டு என்பது ஒப்பந்தம். மனைவி செம்மொழி கடிதத்தை டைப் அடித்தே கொண்டுவந்து நீட்டினாள்.

“என்ஜினியரு மேல மனு போடுற மாதிரி இருக்கு செம்மொழி. ஒண்ணா உக்காந்து சாப்பிட்ட மனுசன். நாளைக்கு அவரு மூஞ்சில எப்படி முழிக்கறது?”

என்ன பிறவி இவன்! காகிதம் என்றாலே சண்டைக்குத்தான் என்று வளர்ந்துவிட்டான். கடிதம் மேசையிலேயே கிடந்தது.

சித்திரையில் ராஜராஜனுக்கு மாற்றல். ஆனி முடியும்போது தூண்கள் நின்றன, மேல்தளம் மட்டும் பாக்கி. நாற்பது நாள் கேட்டு இப்போது எழுதினான். புது என்ஜினியர் பூர்ணிமா ஃபைலைப் புரட்டிப் பார்த்தார்.

“அப்பவே நீங்க எழுதிக் குடுத்தது எங்கங்க?”

ராஜராஜனுக்குப் போன் போட்டால், “அப்படிச் சொன்னதா ஞாபகம் இல்லீங்களே” என்று வைத்துவிட்டார். நாசமாய்ப் போக! ஒப்பந்தம் ரத்தானது. அடுத்த டெண்டர் தைக்குப் பிறகுதான் என்றார்கள்.

ஐப்பசி அடைமழையில் அவன் அம்மா காளியம்மாள் செத்தாள். செல்லதுரை கொள்ளிச்சட்டியை உயர்த்திப் பிடித்தபடி முன்னால் இறங்கினான். பின்னால் நாலு பேர் பாடையைத் தலைக்கு மேல் தூக்கி வந்தார்கள். நடுவில், அவன் கட்டிய தூணுக்குப் பக்கத்தில், ஒருவருக்குக் கால் வழுக்கியது. பாடை சாய்ந்து காளியம்மாளின் கால்கள் தண்ணீருக்குள் போயின.

செல்லதுரை வாய்விட்டுக் கதறினான்.

“ஒரு கையெழுத்துப் போட முடியலியேம்மா எனக்கு. போட்டிருந்தா ஒன்ன நனைய விட்டிருப்பேனா?”