வடிகாலில் வெட்டுத்துணி

தஞ்சாவூர் ஜில்லாவின் வடகோடியில் இருக்கிறது எங்கள் கும்பகோணம். சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்கள் ஜாக்கெட் தைக்க என் கடைக்கு பஸ் ஏறி வருவார்கள். அவர்களுக்கு நான் டவுன்காரி. ஆனால் செத்துப்போன என் அப்பா எனக்கு எழுதிவைத்த நான்கு மா நிலம், ஒன்றேகால் ஏக்கர் சொச்சம், அந்தக் கிராமங்களில் ஒன்றில்தான் இருக்கிறது.

என் வயல் உள்ளே. ரோட்டை ஒட்டிய முன்வயல் என் பெரியப்பா மகனுடையது, எனக்கு அண்ணன் முறை. எங்கள் பக்கம் அறுவடை மிஷினுக்குத் தனிப் பாதை கிடையாது. முன்வயல்காரர் முதலில் அறுத்துவிட வேண்டும், அறுத்த அடித்தாளின்மேல் ஏறித்தான் மிஷின் உள்வயலுக்குப் போகும். பயிரை வைத்துக்கொண்டு வழி மறிக்கிறவனை ஊரில் யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். என் அண்ணன் மறித்தான். போன தை மாதம் இரண்டு வயலும் பழுத்துத் தலைசாய்ந்து நிற்க, "இன்னும் பச்சை இருக்கு, பொறு" என்று பத்து நாள் இழுத்தான். வானம் கறுத்ததும் அவன் வரப்பில் நின்று கெஞ்சினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னான்: "பொட்டச்சிக்குப் பங்கு எழுதுனாருல்ல உங்கப்பா, வழியையும் அவரையே எழுதச் சொல்லு."

அன்று சாயங்காலமே தன் வயலை அறுத்துக்கொண்டு மிஷினைத் திருப்பி அனுப்பிவிட்டான். மறுநாள் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. படுத்த கதிரிலேயே என் நெல் முளைவிட்டுவிட்டது.

வயிறு எரிய எரிய, வரப்பு மண்ணை இரண்டு கையாலும் வாரித் தூற்றிவிட்டு பஸ் ஏறினேன். அவன் இருக்கும்வரை வழி கிடைக்காது என்று வயலைத் தரிசாகப் போட்டேன். கடைக்கு வரும் பெண்களிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், "அந்த ஊர்ப் பேச்சை மட்டும் இங்க எடுக்காதீங்க." அவர்களும் எடுக்கவில்லை.

ஐப்பசியில் அடைமழை. முன்வயல் தண்ணீர் என் வரப்போர வாய்க்கால் வழியாகத்தான் வடிகாலுக்கு இறங்க வேண்டும். அது ஞாபகம் வந்ததும் எனக்கு மனசு குளிர்ந்தது. கடையில் சேர்ந்துகிடந்த வெட்டுத்துணியை இரண்டு சாக்கில் திணித்து, ஆட்டோ பிடித்துப் போய், வாய்க்கால் வாயில் வைத்து மிதி மிதியென்று மிதித்து அடைத்தேன். நட்டு இருபது நாள்கூட ஆகாத பயிர். அழுகித் தொலையட்டும் என்று நினைத்தேன். அந்த வாரம் நன்றாகத் தூங்கினேன், பொய் சொல்வானேன்.

ஆறாம் நாள், அண்ணன் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்வதைக் கண்குளிரப் பார்க்கப் போனேன். முன்வயலில் முழங்கால் தண்ணீரில் நின்றது ஒரு பெண். நடவு வேலைக்குப் போகிறவள், என் வாடிக்கைக்காரி. போன தையில் படுத்துக்கிடந்த என் கதிரை அரிவாளால் அறுத்து நாலு மூட்டையாவது மீட்டுத் தந்தவள் அவள்தான். கையில் அழுகிய நாற்று.

"நீ எங்க இங்க?" என்றேன்.

"அண்ணன் சித்திரையிலயே மகன் வீட்டோட போயிட்டாங்கக்கா. நான்தான் குத்தகைக்கு எடுத்திருக்கேன். நீங்கதான் ஊர்ப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னுட்டீங்களே."

இங்கே குத்தகையெல்லாம் வாய்வார்த்தைதான். ஊருக்கே தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.

வரப்பில் ஒரு சாக்கு கிடந்தது. அவள் அப்போதுதான் வாய்க்காலிலிருந்து இழுத்துப் போட்டிருக்கிறாள். கிழிந்த இடத்தில் பிதுங்கிய ஒரு துண்டை உருவிச் சேற்றை அலசினாள். மயில்கழுத்து நிறம். அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது எனக்குத் தெச்ச தீபாவளி ஜாக்கெட்டுத் துணிக்கா."

அண்ணன் வயல் என்று நினைத்துத்தான் செய்தேன் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கும் தேவலையாக இருந்திருக்கும். அவள் இன்னொரு சாக்கையும் இழுத்துப் போட்டாள். தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. அந்தத் துண்டுத் துணியைப் பிழிந்து என் கையில் கொடுத்தாள்.

"நீங்க தரிசாப் போட்டதைப் பாத்து எனக்கு மனசே ஆறலக்கா. ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா, தையில முதல்ல என் வயல அறுத்து உங்க மிஷினுக்கு வழி விடுறேன்னு சொல்லியிருப்பேனே."