என் கணவர் எடுத்த வீடியோ

அந்த அரசியல்வாதியை வெட்டிக் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, ஹேடோ குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுச் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தமான் தீவிலிருக்கும் தமிழ்ப் பெண்கள் சேர்ந்து வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் அவர் படமும் எரியும் விளக்குமாக வந்துகொண்டே இருந்தன.

அவர் என் மாவட்டத்துக்காரர், என் சாதிக்காரரும்கூட. சாதி மாறிக் கல்யாணம் செய்பவர்களின் கையை வெட்டுவோம் என்று மேடைக்கு மேடை பேசியவர். நானும் என் கணவரும் அப்படிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அதனால்தான் ஊரைவிட்டுக் கப்பலேறினோம். போர்ட் பிளேரில் வாடகைக்கு வீடு தேடியபோது யாரும் எங்களைச் சாதி கேட்கவில்லை. அதை நினைத்து ரொம்ப நாள் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். பிறகு அவருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது, குவார்ட்டர்ஸும் கிடைத்தது.

கையைத் துடைத்துக்கொண்டு குழுவில் எழுதினேன்: "வெட்டுவேன் வெட்டுவேன்னு பேசினவரை யாரோ வெட்டிட்டாங்க. கொலை தப்புதான். ஆனா எனக்கு அழுகை வரலை."

முன்பெல்லாம் இங்கே ஒரு படம் இறங்குவதற்குள் சோறு வெந்துவிடும். கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிள் வந்த பிறகு அந்தப் பாதுகாப்பும் போய்விட்டது. குழம்பை இறக்குவதற்குள் என் முகமும் என் வரிகளும் ஒரு போஸ்டராகி மெயின்லேண்டில் சுற்றிக்கொண்டிருந்தன. 'கொலை தப்புதான்' என்பதை மட்டும் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். தெரியாத எண்களிலிருந்து வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. அவற்றைவிட ஒரு பாராட்டுதான் என்னைக் கூசவைத்தது. "செம அக்கா. இன்னும் ரெண்டு பேர் பாக்கி" என்று கத்திப் படத்தோடு அனுப்பியிருந்தான் ஒருவன். என்னையும் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சில ஆண்கள் வீட்டுக்கு வந்தார்கள். எல்லோரும் தெரிந்தவர்கள். முன்னால் வந்த கான்ட்ராக்டரின் மகள் கல்யாணத்தில் நாங்கள் பந்தி பரிமாறியிருக்கிறோம். யாரும் குரலை உயர்த்தவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்.

"அங்க பசங்க கொதிச்சுப் போயிருக்காங்க. பாபி ஒரு வீடியோ போட்டு மாஃபி கேட்டுட்டா கதம். நாங்க பாத்துக்கறோம்" என்றார் கான்ட்ராக்டர், தீவின் இந்தி கலந்த தமிழில். பாபி நான்தான், மாஃபி மன்னிப்பு. பிறகு என் கணவரைப் பார்த்து, "உங்க அம்மா அப்பா இன்னும் ஊர்லதான இருக்காங்க?" என்று கேட்டார். நலம் விசாரிப்பது போலத்தான் கேட்டார்.

என் கணவர் முகம் மாறியது. "அவளுக்கு அரசியலெல்லாம் தெரியாதுண்ணே. பொம்பளை, ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டா" என்றார். ராத்திரிச் சாப்பாட்டில் என்னோடு அரசியல் பேசாமல் அவருக்கு ஒரு வாய் இறங்காது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

கான்ட்ராக்டர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன். அறியாமல் எழுதிவிட்டேன் என்றேன். இறந்தவர் சாதி பார்க்காத தலைவர் என்றேன். வீட்டுக்காரரே எடுத்தால்தான் கட்டாயப்படுத்தியதாக யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் போனை என் கணவர் கையில் கொடுத்திருந்தார்கள்.

"தம்பி, கை ஆடுது. இன்னொரு தடவை எடுத்துருங்க" என்றார் கான்ட்ராக்டர். இன்னொரு தடவையும் சொன்னேன்.

முடிந்ததும் எல்லோருக்கும் டீ போட்டேன். ஏலக்காய் தட்டிப் போட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் போட்டேன். இன்றுவரை அந்த ஏலக்காயை நினைத்தால் உடம்பு குறுகுகிறது.

சில வாரம் கழித்து, போர்ட் பிளேரின் குட்வில் எஸ்டேட் பகுதியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அதே வாட்ஸ்அப் குழுவில் இருந்தவள், அதிகம் பேசாதவள். ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்ததும், "செத்துப் போனது என் கூடப்பிறந்த அண்ணன்க்கா" என்றாள்.

அவள் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

"ஏர்போர்ட்ல உக்காந்திருக்கும்போதுதான் நீங்க எழுதினதைப் படிச்சேன்."

"அவரோட தங்கச்சி நீன்னு தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேம்மா."

"எழுதினது பொய்யில்லையேக்கா. அவன் அப்படித்தான் பேசுவான். அன்னைக்கு எனக்கு உங்க மேல ஆத்திரம்தான், இல்லேங்கல. ஆனா அந்த வீடியோவைப் பாத்தப்பதான் தாங்க முடியலை. சாதி பார்க்காத தலைவர்னு எப்படிக்கா சொன்னீங்க? நான் விரும்புனவனை அடிச்சுத் துரத்திட்டு, என்னை இங்க கட்டிக்குடுத்து அனுப்பினதே அவன்தான்."

அவள் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன்.

"செத்துக் கிடந்தப்போ அழுதேன். சின்ன வயசுல என்னைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவன். எதை நினைச்சு அழுதேன்னு எனக்கே தெரியலை" என்றாள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். எழுதியதற்குக் கேட்பதா, வீடியோவில் சொன்னதற்குக் கேட்பதா? ஒன்றும் கேட்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். வீடியோவைப் பற்றி அவள் சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும். "சாப்பிட்டுப் போம்மா" என்று மட்டும் சொன்னார். அவள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

அவள் போன பிறகு, "உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அன்னைக்கு நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றார் அவர். ஊரில் அவருடைய பெற்றோர் இருக்கும் தெருவை நினைத்துக்கொண்டேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று கேட்டேன்.

அந்த வாரம் மாமியார் போன் செய்தார். "நீ பேசினதைப் பார்த்தேம்மா. நல்லாப் பேசின. அதுக்கப்புறம் இங்க எங்களை யாரும் ஒண்ணும் சொல்லலை" என்றார். நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவர் குரல் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் கேட்டதில்லை.

"சரிங்க அத்தை" என்றேன்.