என் முழங்கைக்கு எழுதாத சீட்டு

தோல் டாக்டரிடம் யாரும் வெறும் நோயோடு வருவதில்லை, அதன் மேல் மஞ்சளோ சுண்ணாம்போ பற்பசையோ பூசிக்கொண்டுதான் வருகிறார்கள். அதைத் துடைத்துவிட்டு, அடியில் என்ன தெரிகிறது என்று சீட்டில் எழுதி டாக்டரம்மாவுக்கு அனுப்புவதுதான் மண்டி மொஹல்லா தெருவில் இருக்கும் கிளினிக்கில் என் வேலை.

உங்களுக்கும் ஒரு படையோ மருவோ வந்திருக்கும், அதனால் என் பாடு புரியும். நாலு மாதமாக என் இடது முழங்கைக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெளிறிக் கிடந்தது. அரிக்கவே இல்லை, அதுதான் கவலை. கொள்ளேகாலில் கட்டிக்கொடுத்த மகள் கவிதா பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வர இருந்தாள். இது குஷ்டமாக இருந்தால் குழந்தையை என் மடியில் யார் போடுவார்கள்?

பெயர் வைக்காதே

நான் எட்டாவதோடு நின்றவள். சேர்ந்த புதிதில் யார் வந்தாலும் ‘அலர்ஜி’ என்றே எழுதினேன். டாக்டரம்மா ஒரு நாள் ஏழு சீட்டை மேஜையில் பரப்பி, ஏழு பேருக்கும் ஒரே வியாதியா என்று கேட்டார்.

பிறகு அவரே சொல்லிக்கொடுத்தார். தட்டையா, மேடா? மேடு என்றால் கெட்டியா, உள்ளே தண்ணீரா, சீழா? ஓரம் தெளிவா, கலைந்திருக்கிறதா? செதில் உதிர்கிறதா? வெளிறிய இடமாக இருந்தால், கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பார்க்க வேண்டும். தொடுவது தெரியவில்லை என்றால் அது குஷ்டமாக இருக்கலாம், அந்தச் சீட்டை மட்டும் வரிசையில் வைக்காமல் கையில் கொடுக்க வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார்: “பேரு நான் வெச்சுக்கறேன் ரத்னம்மா. நீ பார்த்ததை மட்டும் எழுது.”

இரண்டு சிங்கம்

ஹனூர் பக்கத்து விவசாயி ஒருவர் சட்டையைக் கழற்றினார். இடது விலாவில் காவியால் வரைந்த இரண்டு சிங்கம். அக்கிக்கு எங்கள் பக்கம் இப்படிக் காவி எழுதுவார்கள். மூன்று நாள் அழிக்கக் கூடாதாம், அன்றைக்கு இரண்டாம் நாள். துடைக்காமல் டாக்டரம்மா எதைப் பார்ப்பார்? ஈரப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினேன், அவர் நகர்ந்துகொண்டே போனார்.

கடைசியில் சிங்கங்களுக்கு நடுவில் தெரிந்த தோலைப் பார்த்து எழுதினேன்: நீர்க்கொப்புளம், கொத்துக் கொத்தாக, முதுகிலிருந்து மார்பு வரை ஒரு பட்டையாக, இடது பக்கம் மட்டும். எரிச்சல் தாங்கவில்லை என்று அவர் சொன்னதையும் சேர்த்தேன். ஆனாலும் கொஞ்சமாவது துடைக்காமல் முடியாது என்று நான் சொன்னதும் இறங்கி வந்தார்: “வாலு அழிஞ்சாக்கூடப் பரவால்லீங்க அக்கா, தலய மட்டும் உட்டுருங்க.”

துணிக்கடைப் பெண்

ஒரு நாள் அக்ரஹாரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், துணிக்கடையில் வேலை. கன்னத்தில் பவுடரை அப்பியிருந்தாள். துடைத்தால் அடியில் வெளிறிய திட்டு, லேசாகச் செதில். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிடுவார்களோ என்று அழுதாள். பஞ்சால் ஆறு தடவை தொட்டேன், ஆறு தடவையும் சரியாகச் சொன்னாள். தொடுவது தெரிகிறவரை பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை, மீதியை டாக்டரம்மா பார்ப்பார் என்று தைரியம் சொன்னேன்.

சொல்லும்போதே என் வலது கை முந்தானையை இழுத்து இடது முழங்கையை மூடியது. நாலு மாதப் பழக்கம். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்: “இவ்ளோ தெரிஞ்சவங்க, நீங்க எதுக்கு ஆன்ட்டி கையை மூடறீங்க?”

முப்பத்தோராம் டோக்கன்

டோக்கன் கொடுக்கும் நாகவேணி அதைக் கேட்டுவிட்டாள். மறுநாள் கடைசி டோக்கனில் என் பெயர் இருந்தது. கூட்டிப் பெருக்க வேண்டும் என்றேன், துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் எனக்கு நானே எழுதினேன்: வெளிறியது. ஒன்று. தட்டை. ஓரம் தெளிவு. அந்த இடத்தில் முடி இல்லை. அரிப்பு இல்லை. பஞ்சு என்று எழுதி, அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. வீட்டில் தினமும் காலையில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடாமல் தொட்டேன், அதனால் தெரிந்த மாதிரியே இருந்தது.

டாக்டரம்மா கண்ணை மூடச் சொன்னார். எப்போது தொடப்போகிறார் என்று காத்துக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறக்கச் சொன்னபோது, ஐந்து தடவை தொட்டுவிட்டேன் என்றார். நான் பயந்த அதே நோய்தான். ஆரம்பம்தான், ஆறு மாத மாத்திரை, அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகவே தருவார்கள், நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வா என்று, படைக்குக் களிம்பு எழுதுகிற அதே குரலில் சொன்னார். நான் குழந்தையைப் பற்றி மட்டும் கேட்டேன். குளிக்க வைக்கும்போது தண்ணீர்ச் சூட்டை எப்படிப் பார்ப்பாய் என்று திருப்பிக் கேட்டார். இடது முழங்கையை நனைத்துப் பார்ப்பது போலக் காட்டினேன். என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்: “மாத்திரையை ஆரம்பிச்சுடு, குழந்தையைத் தாராளமா மடியில வாங்கிக்கோ. தண்ணிச் சூட்டை மட்டும் இந்தக் கையால பார்க்காதே.”

இத்தனை வருடத்தில் நான் எழுதியதிலேயே திருத்த வேண்டியிராத ஒரே சீட்டு அதுதான் என்று போகும்போது அவர் சொன்னதை, பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டை மாத்திரை தீர்ந்தும் எனக்கு முடிவாகவில்லை.