பதினோரு மணி அளவீடு

கருவியை வெற்றிடக் கலத்துக்குள் வைத்த ஒன்பதாம் நாள் எனக்குச் சந்தேகம் வந்தது. நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இரண்டே வரிகள்: எல்லா எண்களும் நன்றாக இருக்கின்றன. இவ்வளவு நன்றாக இருக்கக் கூடாது.

மைசூரில் ஓர் ஆய்வகம். செயற்கைக்கோளில் ஏறப்போகும் ஒரு சின்னக் கருவியைச் சோதிக்கும் பொறுப்பு என்னுடையது. குழு என்றால் என்னையும் சேர்த்து மூன்று பேர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்க்காரரான பொறியாளர் அந்த வருடம் பதவி உயர்வுக்குக் காத்திருந்தார். டெக்னீஷியன் என்னைவிட மூத்தவர். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தினமும் பைக்கில் வருவார். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். ஒளி படாமல் மூடிய கருவி எவ்வளவு இரைச்சல், அதாவது வேண்டாத மின்குறிப்பு, தருகிறது என்று மணிக்கு ஒருமுறை பார்த்து, லாக் புக்கில் பேனாவால் எழுத வேண்டும். எண் வரம்பைத் தாண்டினால், எழுதியவர் திங்கட்கிழமை பிரிவுக் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்தவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒன்பது நாட்களில் ஒருவரும் எழுந்து நிற்கவில்லை.

மறுநாளிலிருந்து கவனித்தேன். பத்தே முக்கால் ஆனதும் இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றது. கருவி இருக்கும், தூசி புகாத க்ளீன் ரூம் வாசலில் ஒரு பதிவேடு உண்டு. வெள்ளை அங்கி போட்டு உள்ளே போகிறவர் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் எழுத வேண்டும். அதையும் லாக் புக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். பொறியாளர் பத்தே முக்காலுக்கு வெளியே வந்திருக்கிறார். பதினொன்று இருபதுக்குத்தான் மறுபடி உள்ளே போயிருக்கிறார். லாக் புக்கிலோ பதினோரு மணிக்கு நேராக அவர் கையெழுத்தோடு ஓர் எண். இரண்டாம் நாளைத் தாண்டி ஒவ்வொரு நாளும் அப்படியே.

அன்று பிற்பகலே இயக்குநருக்குக் கடிதம் எழுதினேன்: அளக்காமலே எண் எழுதியிருக்கிறார். அது போய்ச் சேர்ந்தால் பதவி உயர்வு போகும். குழுவிலிருந்தே எடுத்துவிடவும் கூடும். கடிதத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இரக்கப்பட்டு அல்ல. மறுநாளிலிருந்து எனக்கு இரண்டு நாள் பயிற்சி இருந்தது. வந்து அனுப்பலாம் என்று நினைத்தேன்.

விண்வெளித் திட்டங்களில் குழு நடத்துகிறவர்களுக்கான பயிற்சி, சாமுண்டி மலை அடிவாரத்தில் ஓர் அரங்கில். பயிற்சியாளர் நிறையச் சிரித்தார். நிறையச் சிரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. எங்களைக் காகித ராக்கெட் செய்ய வைத்தார். அவர் சொன்னதையெல்லாம் எண் போட்டு எழுதிக்கொண்டேன். பதினான்காவது குறிப்பு: தவறு தெரியவந்தால் ‘ஏன் செய்தாய்’ என்று கேட்காதீர்கள், ‘என்ன நடந்தது’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

திரும்பி வந்த காலையில் பொறியாளரை என் அறைக்குக் கூப்பிட்டேன். இரண்டு புத்தகங்களையும் அவர் முன்னால் விரித்தேன். ‘ஏன்’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“பதினோரு மணிக்கு என்ன நடக்குது?”

“ஒண்ணுமில்லீங்க மேடம்.”

நான் பேசாமல் இருந்தேன். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை. கூப்பிடாமலே டெக்னீஷியன் வாசலில் வந்து நின்றார்.

“சொல்லிடுப்பா. ரெண்டு புக்கும் அவங்க கையில இருக்கு.”

“நீங்களே சொல்லுங்கண்ணா.”

“நான் எதுக்கு? கையெழுத்து உன்னுது அல்வா?” ‘அல்லவா’ அவர் வாயில் கன்னடமாகவே வரும்.

பொறியாளர் என் மேசை ஓரத்தைப் பார்த்தார். அங்கே மின்சாரக் கெட்டில் இருந்தது. பதினோரு மணிக்கு நான் காப்பி போடுவேன். பல வருடங்களாக ஒரு நிமிடம் முன்பின் ஆனதில்லை.

“நீங்க கெட்டில் போட்டா ரீடிங் எகிறுதுங்க மேடம். செவுத்துக்கு அந்தப் பக்கந்தானுங்க நம்ம கருவி. எர்த்து வயரு ரெண்டுக்கும் ஒண்ணாட்ட இருக்குதுங்க. மொத நாளு மத்தியானந்தானுங்களே ஆரம்பிச்சோம்; ரெண்டாம் நாளே தெரிஞ்சு போச்சு, அன்னிக்கு உள்ளயே காத்திருந்து எடுத்தேனுங்க. அதான், தண்ணி கொதிச்சு அடங்குனப்புறம் போய் எடுத்து, பதினொண்ணுன்னு எழுதிப்போட்டேனுங்க.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா திங்கக்கெழம நான்தானுங்களே எந்திரிச்சு நிக்கோணும். மேடம் காப்பியாலதான்னு அத்தன பேர் முன்னாடி எப்பிடிங்க சொல்றது?”

“விண்வெளிக்குப் போற கருவி மேடம்,” என்றார் டெக்னீஷியன். “கெட்டிலுக்குப் பயப்படுது.”

நான் சிரிக்கவில்லை. இருவரும் சேர்ந்து தயாரித்த கதையாகவும் இருக்கலாமே. பழியைக் கச்சிதமாக என் மேசைமேல் கொண்டுவந்து வைக்கும் கதை. பொறியாளரை உள்ளே அனுப்பி, இன்டர்காமில் எண்களை விடாமல் படிக்கச் சொன்னேன். டெக்னீஷியன் சைகை காட்ட முடியாதபடி அவரை என் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் கெட்டிலைப் போட்டேன். எண் எகிறியது. அணைத்தேன், இறங்கியது. நேரத்தை மாற்றி மாற்றி மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அப்படியே.

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். அளந்திருக்கிறார்; ஆனால் எழுதிய நேரம் பொய். இரைச்சலுக்குக் காரணம் என் கெட்டில். அவர் மறைத்ததற்குக் காரணம் என் விதி. முதல் கையெழுத்தை நான் போட்டேன். பொறியாளர் இரண்டு முறை படித்தார்.

“இது போனா புரமோஷன் வருமுங்களா மேடம்?”

“தெரியாது.”

கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வருடம் அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. குழுவிலிருந்து எடுக்கவும் இல்லை. எர்த் இணைப்பைப் பிரித்துத் தனியாகப் போட்டார்கள். சோதனையை முதலிலிருந்து செய்தோம். திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்றவள் நான். நிற்பது எவ்வளவு நீளமான வேலை என்று அன்றுதான் தெரிந்தது. உட்காருவதற்கு முன், இனி யாரும் நிற்க வேண்டியதில்லை என்று சொன்னேன்.

மறுநாள் மூன்று மணிக்கு நேராக, லாக் புக்கில் வரம்பைத் தாண்டிய ஓர் எண், அவர் கையெழுத்தோடு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம், என்னைச் சந்தோஷப்படுத்தவே எழுதியிருப்பாரோ என்று தோன்றியது. க்ளீன் ரூம் வாசலுக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். மூன்று மணிக்கு அவர் உள்ளேதான் இருந்திருக்கிறார்.

திறந்து பார்த்தேன் என்பதையும் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் எழுதி வைத்தேன்.